ஒல்கோய் ஹோர்ஹோய்: கோபிப் பாலைவனத்தின் ‘மரணப் புழு’ பற்றிப் பேசும்போது சறுக்கும் இடங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு யூடியூப் சேனலுக்கு நான் எழுதிக் கொடுத்த பத்தி இது:

“மங்கோலியாவின் மணல் கடலுக்கு அடியில் ஆயிரம் ஆண்டுகளாக ஒரு ராட்சதப் புழு பதுங்கியிருக்கிறது. ஐந்தடி நீளம். ரத்தச் சிவப்பு. அமிலத்தைத் துப்பும், மின்சாரம் பாய்ச்சும், மஞ்சள் நிறத்தைக் கண்டால் பாய்ந்து வரும். 1926-ல் அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் இப்படி ஓர் உயிர் இருப்பதை உறுதிசெய்தார்.”

பின்னணி இசையோடு கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள், அந்த அமெரிக்கர் உண்மையில் என்ன எழுதினார் என்று தேடிப் படித்தேன். முகத்தில் அசடு வழிந்தது. அந்தப் பத்தியில் ஏறக்குறைய ‘மங்கோலியா’ என்ற சொல் ஒன்றுதான் தேறும்.

இந்தப் பிராணியைப் பற்றித் தமிழில் வரும் காணொளிகளும் கட்டுரைகளும் அதே குழியில்தான் விழுகின்றன. காரணம் சோம்பல் மட்டுமல்ல. இந்தக் கதை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்கள் கையில் வளர்ந்தது. மேய்ச்சல்காரர்கள் சொன்னது ஒன்று, அமெரிக்கப் பயணி எழுதியது ஒன்று, ரஷ்ய எழுத்தாளர் கற்பனை செய்தது ஒன்று, செக் நாட்டுத் தேடலாளர் திரட்டி வந்தது இன்னொன்று. நாமோ நாலையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி, ‘மங்கோலிய நாடோடிகளின் நம்பிக்கை’ என்று பரிமாறுகிறோம். எது யார் கைச்சரக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதித் தவறுகள் தாமாகவே கழன்றுவிடும்.

பெயரிலேயே தொடங்கும் சிக்கல்

‘மரணப் புழு’ என்பது மங்கோலியப் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் ஒட்டிய பெயர் அது. அங்கே அதை ஒல்கோய் ஹோர்ஹோய் என்கிறார்கள். ஒல்கோய் என்றால் பெருங்குடல். குடல்வாலுக்கும் அங்கே இதே சொல்தான், முன்னால் ஓர் அடைமொழியோடு. அப்படிப் பார்த்தால் இது ‘குடல் பூச்சி’. அந்தப் பெயரில் மரணம் எங்கேயும் இல்லை.

ஏன் குடல்? மங்கோலிய மேய்ச்சல்காரர்கள் ஆட்டை அறுக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் இது சட்டென்று விளங்கும். ஆட்டை மல்லாத்திப் போட்டு, மார்புக்குக் கீழே சிறிதாக ஒரு கீறல் போடுவார்கள். அதற்குள் கையை விட்டு, முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை விரலால் அறுத்துவிடுவார்கள். ஒரு சொட்டு ரத்தம்கூட மண்ணில் விழக்கூடாது. உள்ளேயே தேங்கும் ரத்தத்தைக் கரண்டியால் முகந்தெடுத்து, கழுவி வைத்த குடலில் நிரப்பி, முனையைக் கட்டி வேகவைப்பார்கள். கெர் எனப்படும் அவர்களுடைய வட்டக் கூடாரத்துக்குள், ஒரு தட்டில், கருஞ்சிவப்பாக, வழவழவென்று, தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் அது சுருண்டு கிடக்கும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் மணலில் தடியான, சிவந்த, தலை எது வால் எது என்று தெரியாத ஒன்றைப் பார்த்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பயங்கரத்தைக் காட்டுவதற்காக வைத்த பெயராக எனக்குப் படவில்லை. அடுப்படியில் இருந்து எடுத்த உவமை.

அடுத்தது ‘ஹோர்ஹோய்’. இதைக் கண்ணை மூடிக்கொண்டு ‘புழு’ என்று பெயர்ப்பதுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு என்பேன். மங்கோலிய மொழியில் அந்தச் சொல் புழு, பூச்சி, வண்டு எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்கிறது. விலங்கியல் பாடப்புத்தகத்து வகைப்பாடு அதில் இல்லை. இது தமிழருக்குப் புரியாத சங்கதியா? என் அப்பத்தா இருட்டிய பிறகு ‘பாம்பு’ என்ற சொல்லை வாயால் சொன்னதே கிடையாது. “கொல்லைப் பக்கம் பூச்சி பொட்டு கெடக்கும், லைட்டை எடுத்துக்கிட்டுப் போய்யா” என்பார். அதைக் கேட்ட ஒரு வெளிநாட்டுக்காரர், ‘இந்த ஊரில் கொடிய வண்டு ஒன்று இருக்கிறது, கடித்தால் ஆள் காலி’ என்று எழுதிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? நாம் மங்கோலியருக்குச் செய்வதும் அதையேதான்.

புழு என்று முடிவுகட்டிவிட்டால் அடுத்த முட்டுச்சந்துக்குள் நேராகப் போய் நிற்போம். மண்புழு தோலால் மூச்சுவிடுகிறது. அந்தத் தோல் ஈரமாக இருந்தாக வேண்டும். கோபியின் பெரும்பகுதியில் ஆண்டு முழுக்கப் பெய்வது 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. சென்னை ஒரே வடகிழக்குப் பருவத்தில் சில நாட்களில் வாங்கிவிடும் மழை அது. “அப்படிப்பட்ட இடத்தில் இவ்வளவு பெரிய புழு வாழவே முடியாது, ஆகவே எல்லாம் புருடா” என்று ஒரு கோஷ்டி உடனே தீர்ப்பு எழுதும். அவர்கள் மறுப்பது மேய்ச்சல்காரர் சொன்னதை அல்ல, தப்பான மொழிபெயர்ப்பை.

‘விஞ்ஞானி உறுதிசெய்தார்’

ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ், நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆள். 1922 முதல் 1930 வரை மோட்டார் கார்களிலும் ஒட்டகங்களிலுமாகக் கோபிக்குப் பல பயணங்களை நடத்தினார். 1923-ல் பயன்ஸாக் செம்பாறைகளில் அவருடைய குழு டைனோசர் முட்டைகளைக் கண்டெடுத்தது உலகச் செய்தி ஆனது. அவர் 1926-ல் வெளியிட்ட பயண நூலில்தான் நம் பிராணி மேற்கத்திய வாசகர்களுக்கு அறிமுகமாகிறது. அதுவும் ‘அல்லெர்கோர்ஹாய் ஹோர்ஹாய்’ என்று காது தவறிய எழுத்துக்கூட்டலில்.

அவர் எழுதியது என்ன? 1922-ல் பயண அனுமதிக்காக உர்காவில், அதாவது இன்றைய உலான்பாத்தரில், மங்கோலியப் பிரதமரையும் அமைச்சர்களையும் சந்திக்கிறார். பேச்சு முடியும் தறுவாயில் பிரதமர் ஒரு கோரிக்கை வைக்கிறார்: முடிந்தால் எங்கள் அரசுக்காக அந்தப் பிராணி ஒன்றைப் பிடித்து வாருங்கள். சாசேஜ் (குடலில் இறைச்சி அடைத்தது) வடிவம், சுமார் இரண்டடி நீளம், தலையும் கிடையாது காலும் கிடையாது, தொட்டாலே சாவு, கோபியின் ஆளற்ற பகுதிகளில் வாழ்கிறது. இவ்வளவுதான் வர்ணனை. அந்த அறையில் இருந்த ஒருவரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை என்பதையும் ஆண்ட்ரூஸ் சேர்த்தே எழுதியிருக்கிறார். பார்த்துவிட்டு உயிரோடு திரும்பிய ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றார் பிரதமர். உடனே ஓர் அமைச்சர், மறைந்த தன் மனைவியின் சகோதரிக்கு ஒன்றுவிட்ட உறவுக்காரர் ஒருவரும் பார்த்திருக்கிறார் என்றார். (மனைவியின் சகோதரிக்கு ஒன்றுவிட்ட உறவென்றால் மனைவிக்கும் அப்படித்தானே? எதற்காக இந்தச் சுற்று? நம்மூர்ப் பேய்க்கதைகளிலும் பார்த்தவர் எப்போதும் இப்படி ரெண்டு தெரு தள்ளித்தான் இருப்பார்.) ஆண்ட்ரூஸ் சளைக்கவில்லை. நீளமான எஃகு இடுக்கியால் பிடிக்கிறேன், பார்வைக்கே விஷம் என்பதால் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொள்கிறேன் என்று வாக்களித்தார். கூட்டம் நல்லபடியாகக் கலைந்தது.

இதில் உறுதிசெய்தல் எங்கே இருக்கிறது? ஓர் அனுமதிச் சீட்டுக்காக உட்கார்ந்திருந்தவர், எதிரே இருந்த பெரிய மனிதர்கள் மனம் கோணாதபடி நடந்துகொண்ட காட்சி இது. அவர் சொல்லும் தொனியில் சிரிப்பு இருக்கிறது. இத்தனை ஆண்டுப் பயணத்தில் அவருக்கு அது அகப்படவும் இல்லை. ‘1926-ல் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று எழுதுவது எவ்வளவு பிசகோ, ‘ஆண்ட்ரூஸ் பொய் சொன்னார்’ என்று எழுதுவதும் அவ்வளவு பிசகு. அவர் கேட்டதைக் கேட்டபடி எழுதினார்.

நீளத்தையும் கவனியுங்கள். பிரதமர் சொன்னது இரண்டடி. இன்றைய காணொளிகளில் அது ஐந்தடி, சில படங்களில் மின்சார ரயில் பெட்டி. ‘ஆயிரம் ஆண்டு’ என்ற சேர்க்கையும் அப்படி ஒட்டியதுதான். அந்த ஆயிரத்துக்கு நான் எழுதும்போது என் கையில் எந்த ஆதாரமும் இல்லை, அழகுக்காகப் போட்டேன்.

மின்சாரம் எங்கிருந்து வந்தது

ஆண்ட்ரூஸ் எழுதியதில் மின்சாரம் இல்லை. மஞ்சள் நிறம் இல்லை. துப்புவதும் இல்லை.

அடுத்த அடுக்கு இவான் எஃப்ரேமோவ். சோவியத் தொல்லுயிரியலாளர், கூடவே அறிவியல் புனைகதை எழுத்தாளர். இந்தப் பிராணியை வைத்து அவர் 1940களின் முற்பாதியில் ஒரு சிறுகதை எழுதினார். அதில் வரும் தடித்த சாசேஜ் போன்ற ஜீவன்கள், அருகே வருகிறவர்களைத் தொடாமலே, எட்ட இருந்தபடியே சாய்த்துவிடுகின்றன. கதை எழுதியபோது எஃப்ரேமோவ் மங்கோலியாவில் கால் வைத்ததே இல்லை என்பதை மறக்கக்கூடாது. சோவியத் அறிவியல் கழகத்தின் தொல்லுயிர்ப் பயணத்துக்குத் தலைமை ஏற்று அவர் அங்கே போனது 1946-ல்தான். ஆக, ‘எட்ட இருந்தே கொல்லும்’ என்ற அம்சம் அச்சில் பரவியதில் பெரிய பங்கு ஒரு புனைகதைக்கு உண்டு. புனைகதையில் வருவதை நாடோடிகளின் வாயில் திணிப்பது, பொன்னியின் செல்வன் நந்தினியைக் கல்வெட்டில் தேடுவது மாதிரி.

மின்சாரம் என்று சொல்லிவிட்டு அறிவியல் முலாம் பூசுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மின் அதிர்ச்சியால் இரையை வீழ்த்தும் உயிர்கள், மின்விலாங்கு, மின்திருக்கை, ஆப்பிரிக்க மின்கெளுத்தி எல்லாமே தண்ணீருக்குள் வாழ்பவை. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் தொடாமலே அடிக்க முடிகிறது. இதுவரை அளந்ததில் மிக அதிகம், தென் அமெரிக்க மின்விலாங்கு ஒன்றின் 860 வோல்ட். காய்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். அந்த விலாங்கைக் கொண்டுவந்து கோபியில் விட்டால் அதன் பொறி அரை மில்லிமீட்டர்கூடத் தாண்டாது. நாலைந்தடி தள்ளி நிற்கும் ஒட்டகத்தை வீழ்த்தப் பல லட்சம் வோல்ட் தேவைப்படும். காய்ந்த மணலும் மின்சாரத்தைக் கடத்தாது.

தொட்டால் உடனே சாவு என்பதும் இதே ரகம். எந்தப் பாம்பின் நஞ்சும் காயமில்லாத தோல் வழியே ஏறி அந்த நொடியே ஆளைக் கொல்வதில்லை. நஞ்சைப் பீய்ச்சும் நாகங்கள் ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உண்மையிலேயே உண்டு. அவை கண்ணைக் குறிவைக்கும், கண்ணில் பட்டால் எரியும், பார்வை போகலாம். ஆள் பொத்தென்று விழுந்து செத்துவிட மாட்டார். ‘அமிலம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘நஞ்சைத் துப்புவதாகச் சொல்கிறார்கள்’ என்று எழுதினாலே பாதிப் பாவம் தீரும்.

மஞ்சள் நிறம் மூன்றாவது அடுக்கு. எஃப்ரேமோவின் கதையைப் படித்து வளர்ந்த செக் நாட்டவர் இவான் மாக்கர்லே 1990, 1992, 2004 என மூன்று முறை கோபிக்குப் போனார். மணலில் அதிர்வை உண்டாக்கினால் பிராணி வெளியே வரும் என்று நம்பி, தரையை ‘தொம் தொம்’ என்று இடிக்கும் இயந்திரம், பிறகு சிறிய வெடிகள் என்றெல்லாம் முயன்று பார்த்தார். பிராணி வரவில்லை, ஆனால் கதைகள் நிறைய வந்தன. ஜூன், ஜூலையில் மட்டும்தான் வெளியே வரும், மழைக்குப் பின் தலைகாட்டும், மஞ்சள் நிறம் அதை இழுக்கும், கோயோ என்ற ஒட்டுண்ணிச் செடி உள்ள இடத்தில் திரியும், மஞ்சள் பெட்டிக்குள் புகுந்துகொண்டு ஒரு சிறுவனைக் கொன்றது, இரும்புக் கம்பியால் மணலைக் குத்தியவர் அப்படியே சாய்ந்தார். இன்று இணையத்தில் சுற்றும் தகவல்களில் பெரும்பாலானவை அவர் மூட்டையில் வந்தவைதான். அவை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 1990-லும் அதற்குப் பிறகும், மொழிபெயர்ப்பாளர் மூலம், தேடி வந்த ஒருவருக்குச் சொல்லப்பட்டவை என்ற அடைமொழியோடு அவற்றைச் சொல்லுங்கள் என்கிறேன். ‘பழங்கால மங்கோலிய நம்பிக்கையின்படி’ என்று தொடங்காதீர்கள்.

கோபி என்றால் மணல் மட்டுமல்ல

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். காணொளிகளில் பின்னணியாக ஓடுவது பெரும்பாலும் சகாரா. சுமார் 13 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கோபியில் மணல்மேடு இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். மீதி சரளைக்கல், வெறும்பாறை, புல் முளைத்த சமவெளி, ஸாக் எனப்படும் சக்ஸௌல் மரங்கள். பயன்ஸாக் என்ற பெயருக்கே ‘ஸாக் நிறைந்த இடம்’ என்று அர்த்தம். குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி வரை போகும். ஹோங்கோரின் எல்ஸ் போன்ற மணல்மேட்டுத் தொடர்கள் உண்டு, சுற்றுலாப் படங்களில் வருவது அவைதான். மணலுக்கு அடியில் ஆயிரம் கிலோமீட்டர் நீந்திப் போகும் புழுவைக் கற்பனை செய்கிறவர்கள், முதல் பத்துக் கிலோமீட்டரிலேயே அது பாறையில் முட்டிக்கொள்ளும் என்பதை யோசிப்பதில்லை.

‘அது இன்னதுதான்’ என்று அடித்துச் சொல்வது

நம்பிக்கைக்காரர்கள் ஒரு பக்கம் என்றால், ‘மர்மம் உடைந்தது’ கோஷ்டி மறுபக்கம். அவர்கள் அதிகம் கைகாட்டுவது இரண்டை.

ஒன்று, ஆம்ஃபிஸ்பீனியன் என்ற காலில்லாப் பல்லியினம். மண்ணுக்குள் வாழும், உடம்பெல்லாம் வளையம் வளையமாக இருக்கும், பார்க்க அச்சு அசல் பெரிய மண்புழு. படத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அவை ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, மத்தியதரைக்கடல் ஓரம், அரேபியா பக்கம் வாழ்பவை. மங்கோலியாவில் ஒன்றும் பதிவாகவில்லை. தெரியாத ஒரு பிராணியை விளக்க, அந்த ஊரில் தெரியாத இன்னொரு பிராணியைக் கொண்டுவந்து வைப்பது விளக்கம் ஆகாது.

மற்றொன்று கொஞ்சம் கனமான வாதம்: தார்த்தாரிய மண்ணுளிப் பாம்பு. இது தெற்கு மங்கோலியாவில் உண்மையாகவே வாழ்கிறது. தடித்த உடம்பு, மொட்டை வால், மணலுக்குள் புதைந்து கண் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும் பழக்கம், வெயில் காலத்தில் மட்டும் நடமாட்டம். பிரதமர் சொன்ன இரண்டடிக்கும் பொருந்துகிறது. நஞ்சு துளியும் கிடையாது. ஒல்கோய் ஹோர்ஹோயைப் பார்த்ததாகச் சொன்ன ஊர்க்காரர்களிடம் 1983-ல் இந்தப் பாம்பைக் காட்டியபோது ‘இதுதான்’ என்றார்கள் என ஒரு பதிவும் உண்டு.

“நஞ்சே இல்லாத பாம்பை எப்படித் தொட்டால் சாவு என்பார்கள்? மேய்ச்சல்காரனுக்குத் தன் ஊர்ப் பாம்பு தெரியாதா?” என்று கேட்பார்கள். இங்கேதான் தமிழ்நாட்டு ஆள் கை தூக்கிப் பேசலாம். நம் செம்மண் காட்டிலும் இருக்கிறது அதே எரிக்ஸ் பேரினத்தைச் சேர்ந்த மண்ணுளிப் பாம்பு, இருதலைப் பாம்பு என்பார்களே, அது. நஞ்சு இல்லை, கடிக்கவே சோம்பல்படும். பயந்தால் தலையை உடம்புச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டும். அந்த வாலும் தலை மாதிரியே மழுங்கி இருப்பதால் ஆறு மாதம் இந்தப் பக்கம், ஆறு மாதம் அந்தப் பக்கம் என்று கதை. பாம்பாட்டிகள் வால்நுனியில் கண்ணும் வாயும் போலக் கீறிவிட்டுக் காசு பார்த்ததும் உண்டு. அது நக்கினால் குஷ்டம் வரும் என்று நம்பியவர்கள் ஊர் ஊருக்கு இருந்தார்கள். நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் கடலைக் காட்டில் ஒன்று மண்வெட்டியில் அடிபட்டுக் கிடந்தது. கிழங்கு மாதிரி பழுப்பாக, தடியாக, அசையாமல். பெரியவர்கள் ஒருவரும் கிட்டப் போகவில்லை. “நக்கிப்புடும், தள்ளி நில்லுங்கடா” என்று எங்களை விரட்டினார்கள். பிறந்ததிலிருந்து அந்த மண்ணில் உழுது வாழ்ந்தவர்கள்தான் அவர்கள். இப்போது அதே பாம்பு கோடிக்கணக்கில் விலைபோகும், அதிர்ஷ்டம் தரும் என்று ஒரு மோசடிக் கும்பல் கிளப்பிவிட, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆட்கள் கைதாகிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே பாம்பு, நேற்று குஷ்டம், இன்று குபேரன்.

கொம்பேறி மூக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதருக்குத் தீங்கே செய்யாத மரப்பாம்பு. கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறி, பிணம் எரிகிற புகையைப் பார்த்த பிறகுதான் இறங்கும் என்று அதற்கு நாம் கட்டிவிட்ட கதை இருக்கிறதே, ஒல்கோய் ஹோர்ஹோய் எல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆகவே, ஒரு பிராணிக்குக் கொடூரப் பெயர் இருக்கிறது என்பதை வைத்து அது கொடூரமானது என்றோ, அது கொடூரமானதல்ல என்பதை வைத்து மக்கள் சொன்ன பிராணி அதுவாக இருக்க முடியாது என்றோ முடிவுகட்ட வேண்டாம். கோபியில் உண்மையான நஞ்சுப் பாம்பும் உண்டு, ஹாலிஸ் குழிவிரியன். அது கடித்த பழி, பக்கத்தில் கிடந்த மண்ணுளியின் தலையில் விழுந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான்.

மண்ணுளிப் பாம்புதான் விடை என்று எனக்கும் சாய்வு உண்டு. இங்கிலாந்திலிருந்து 2005-ல் போய்த் தேடிய ரிச்சர்ட் ஃப்ரீமன் குழுவும் ஏதோ காலில்லா ஊர்வன என்ற பக்கமே சாய்ந்தது. அப்படியும் ‘நிரூபிக்கப்பட்டது’ என்று எழுத மாட்டேன். 1983 சோதனையையே பாருங்கள்: ஒரே ஒரு பாம்பைக் கொண்டுபோய் ‘இதுவா?’ என்று கேட்டால், ‘ஆமாம்’ என்ற பதிலுக்கு எடை குறைவு. நாலைந்து பிராணிகளை வரிசையாக வைத்து ‘இதில் எது?’ என்று கேட்டிருந்தால் கதை வேறு.

சீலகாந்து வாதம்

“1938-ல் சீலகாந்து மீன் கிடைக்கவில்லையா? அழிந்துவிட்டது என்று சொன்னார்களே?” மறைவிலங்கு, அதாவது இருப்பதாகச் சொல்லப்பட்டும் நிரூபிக்கப்படாத விலங்கு, பற்றிய விவாதத்தில் இந்தக் கேள்வி வராமல் நான் பார்த்ததில்லை. சீலகாந்து ஆழ்கடலில் வாழ்ந்தது, அதைத் தேடி யாரும் போகவில்லை, வலையில் தற்செயலாக விழுந்தது. கோபியின் நிலவரம் வேறு. ஆண்ட்ரூஸ் குழு, எஃப்ரேமோவ் குழு, 1963 முதல் 1971 வரை போலந்து–மங்கோலியக் கூட்டுக் குழு என்று தொல்லுயிரியலாளர்கள் பல பருவங்களாக அந்த மண்ணில் முட்டி போட்டு, தூரிகையால் மணலைக் கூட்டிக்கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். சண்டை போட்டுக்கொண்டே புதைந்துபோன வெலாசிராப்டர், புரோட்டோசெராடாப்ஸ் என்ற இரண்டு டைனோசர்கள் 1971-ல் அப்படித்தான் கிடைத்தன. பல கோடி ஆண்டுப் பழைய எலும்பு கிடைத்த மண்ணில் நேற்றுச் செத்த பிராணியின் தோல் ஒரு துண்டு கிடைக்கவில்லை.

அரிதான விலங்கு எப்படித் தடம் விடும் என்பதற்கு அங்கேயே உதாரணம் இருக்கிறது: மஸாலாய் எனப்படும் கோபிக் கரடி. சில பத்துகளே மிஞ்சியுள்ளன. அப்படியிருந்தும் தானியங்கிக் கேமராவில் படம் விழுகிறது, முள்ளில் மாட்டிய முடியிலிருந்து மரபணு எடுக்கிறார்கள். ஆகையால் ‘பாலைவனம் பெரியது, எதுவும் ஒளிந்திருக்கலாம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு நகர வேண்டாம்.

படத்தைப் பற்றி ஒரு வரி. ஒல்கோய் ஹோர்ஹோயின் புகைப்படம் என்று எது வந்தாலும் அது ஓவியம், அல்லது வேறு விலங்கு, அல்லது இப்போதெல்லாம் கணினி வரைந்தது. எந்த அருங்காட்சியகத்திலும் ஓர் எலும்போ தோலோ இல்லை. முகப்புப் படம் போட்டே ஆக வேண்டுமென்றால், கீழே ‘கற்பனை ஓவியம்’ என்று போட்டுவிடுங்கள்.

கேட்கும் முறை

கடைசியாக, எனக்கு மிகவும் உறுத்தும் விஷயம். இந்தக் கதைகளில் மங்கோலிய மேய்ச்சல்காரர் எப்போதும் நடுங்கிக்கொண்டே இருப்பார். முகம் சுருங்கிய கிழவர், வானத்தைப் பார்ப்பார், அதன் பெயரைச் சொல்லவே பயப்படுவார். இன்றைய கெர் வாசலில் சோலார் தகடு சாய்த்து வைத்திருக்கும், பக்கத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கும், பையன் கையில் செல்போன் இருக்கும். அவர்களில் நம்புகிறவர் உண்டு, சிரிக்கிறவர் உண்டு, வந்தவனிடம் கொஞ்சம் அளந்துவிடலாமே என்று நினைக்கிறவரும் உண்டு. நம்மூர் டீக்கடை பெஞ்சில் முனியைப் பற்றிக் கேட்டாலும் இதே மூன்று ரகம்தானே கிடைக்கும்?

தேடிப் போனவர்கள் செய்த தவறும் இதில்தான். 2009-ல் நியூசிலாந்திலிருந்து டேவிட் ஃபேரியர் தொலைக்காட்சிக்காகப் போனது வரை, குழுக்கள் எல்லாம் கேமராவோடு இறங்கின. படம் வரைந்த காகிதத்தை நீட்டி ‘இதைப் பார்த்திருக்கிறீர்களா?’ என்று கேட்டால், அத்தனை தூரம் கடந்து வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்ப யாருக்கு மனசு வரும்? பதில் கேள்வியிலேயே இருக்கிறது. ‘இந்தப் பக்கம் மணலில் என்னென்ன ஊரும்? எதைக் கண்டால் ஒட்டகம் மிரளும்? சின்னப் பிள்ளைகளிடம் எதைத் தொடாதே என்பீர்கள்?’ என்று கேட்டு, பெயரை அவர்கள் வாயிலிருந்தே வரவிட வேண்டும். வந்தால், பார்த்தது அவரா அவருடைய மாமனாரா, எந்த வருடம், எந்தக் கிணற்றுப் பக்கம், காலையா மாலையா என்று குறித்துக்கொள்ள வேண்டும். ‘மாமனார்’ என்றால் மாமனார் என்றே எழுத வேண்டும். ‘நேரில் கண்ட சாட்சி’ என்று மாற்றக்கூடாது.

போகிறவர்களுக்கு ஒன்று. கெர் கண்ணில் பட்டதும் வண்டியை விட்டு இறங்கி விறுவிறுவென்று நடந்துவிடாதீர்கள். தூரத்திலேயே நின்று “நொஹோய் ஹோர்!” என்று குரல் கொடுங்கள். ‘நாயைப் பிடித்துக்கொள்’ என்று அர்த்தம். வீட்டுக்காரர் வந்து நாயைப் பிடித்து, உள்ளே உட்காரவைத்து, உப்புப் போட்ட பால் டீயை நீட்டுவார். குடித்து முடித்த பிறகு பூச்சியைப் பற்றிக் கேட்கலாம்.